நூலிலிருந்து மேடைக்கு: ராக் இசைக்குழுக்கள் எடுத்துக்கொண்ட இலக்கியப் பெயர்கள்



ஒரு நூல் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும்போது மொழிபெயர்ப்பைப் பார்க்கிறோம், பாடத்திட்டத்தைப் பார்க்கிறோம், திறனாய்வையும் திரைப்படத்தையும் பார்க்கிறோம். இருபது வயது இளைஞர்கள் ஒரு நாவலைப் படித்துவிட்டு, அதன் பெயரையே தங்கள் இசைக்குழுவுக்குச் சூட்டி, அதை ஊர் ஊராகச் சுவரொட்டிகளில் ஒட்டிய வரலாறும் இருக்கிறது. அதை நம் ஒப்பிலக்கிய வகுப்புகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. 1965 தொடங்கி 1980 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது ஒரு வழக்கமாகவே வேரூன்றியது. இன்றைய உரை பெரும்பாலும் அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலிலிருந்து பெயர் எடுப்பதும் ஒருவகை வாசிப்புதான். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் நம் குடும்பங்களில் பெயரோடு ஒரு பொறுப்பும் கைமாறுகிறது. இசைக்குழுக்களின் நிலையும் அதுவே. நூலை உள்வாங்கிய குழு அந்தக் கடனைத் தன் பாட்டில் திருப்பித் தந்திருக்கிறது. திருப்பித் தராத இடத்தில் பெயர் ஒரு கேள்வியாக நின்றுவிட்டது. சில குழுக்களின் வழியாக இதை உங்கள் முன் வைக்கிறேன்.

பெயர் மாறிய காலம்

1950களின் ராக் குழுக்கள் எளிய பெயர்களையே வைத்துக்கொண்டன. பாடகரின் பெயர் முன்னால் வரும். பின்னால் ஒரு பன்மைப் பெயர் வரும். பில் ஹேலியோடு ‘காமெட்ஸ்’, பட்டி ஹாலியோடு ‘கிரிக்கெட்ஸ்’. வால்மீன்கள், சுவர்க்கோழிகள், அவ்வளவுதான். பீட்டில்ஸ் குழு கூடக் கிரிக்கெட்ஸின் மேல் இருந்த பற்றினால்தான் வண்டின் பெயரைத் தேடிப் போனது. அன்றைய பாட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டில் விற்றது. ஆடுவதற்கான பாட்டு அது. பெயர் காதில் ஒட்டினால் போதும்.

அறுபதுகளின் நடுவில் நிலைமை மாறியது. நீண்ட இசைத்தட்டு முன்னுக்கு வந்து, பத்துப் பாடல்களை ஒரே படைப்பாக உட்கார்ந்து கேட்கும் பழக்கம் பரவியது. 1967இல் வந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தன் பாடல் வரிகளை உறையிலேயே அச்சிட்டுத் தந்தது. பாட்டைப் படிக்கவும் வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

இதற்கு அடியில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மலிவுப் பதிப்பு. 1935இல் பெங்குவின் நிறுவனம் 6 பென்ஸ் விலையில் நல்ல நூல்களை வெளியிடத் தொடங்கியது. சிகரெட் வாங்கும் காசுக்கு நாவல் வாங்கலாம் என்றானது. இரண்டாவது, கல்வி. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் கட்டணமின்றித் தந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இலக்கணப் பள்ளிகளுக்கும் ஓவியக் கல்லூரிகளுக்கும் போனார்கள். ஜான் லெனனும் கீத் ரிச்சர்ட்ஸும் பீட் டவுன்ஷெண்டும் ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள். சட்டைப் பையில் மலிவுப் பதிப்பு நாவலோடு ஒத்திகைக்கு வந்த தலைமுறை இப்படித்தான் உருவானது.

பிளேக், ஹக்ஸ்லி, மாரிசன்

1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘தி டோர்ஸ்’ குழு தோன்றியது. ஜிம் மாரிசனும் ரே மன்சாரெக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்தவர்கள். படிப்பு முடிந்த அந்தக் கோடையில் வெனிஸ் கடற்கரையில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். மாரிசன் தான் எழுதி வைத்திருந்த பாட்டைப் பாடிக் காட்ட, குழு பிறந்தது.

பெயர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்’ நூலிலிருந்து வந்தது. 1953 மே மாதம், மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் ஹக்ஸ்லி மெஸ்கலின் என்ற மருந்தை உட்கொண்டு, தன் பார்வையில் நேர்ந்த மாற்றங்களை நுணுக்கமாகப் பதிவு செய்தார். அது 1954இல் நூலானது. ஹக்ஸ்லியும் அந்தத் தலைப்பை வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தவர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் ‘சொர்க்கம் நரகம் இவற்றின் திருமணம்’ என்ற நூலைத் தாமே செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார். மிகச் சில பிரதிகளே செய்தார். புலன்களின் அடைப்பு நீங்கினால் உலகம் வேறாகத் தெரியும் என்பது அதில் அவர் சொன்ன கருத்துகளில் ஒன்று.

1827இல் பெரிய புகழ் எதுவும் இல்லாமல் இறந்த ஒரு லண்டன் கவிஞரின் எண்ணம், ஓர் ஆங்கிலக் கட்டுரையாளரின் கைவழியாகக் கலிஃபோர்னியாக் கடற்கரைக்கு வந்து, இசைத்தட்டுகளில் ஏறி உலகம் சுற்றியிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்யவில்லை. ஒரு நூலைப் படித்தவர் அடுத்தவருக்குச் சொன்னதால் நடந்த பயணம் இது.

டோர்ஸ் குழு தன் கடனையும் திருப்பித் தந்தது. 1967 ஜனவரியில் வந்த முதல் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்த ‘அலபாமா பாட்டு’ அதில் இருக்கிறது. ‘எண்ட் ஆஃப் தி நைட்’ என்ற பாட்டின் தலைப்பு செலின் என்ற பிரெஞ்சு நாவலாசிரியரை நினைவூட்டுகிறது. அதே பாட்டுக்குள் பிளேக்கின் கவிதையும் ஒலிக்கிறது. ‘தி எண்ட்’ பாட்டின் நடுவில் கிரேக்க நாடகத்தின் ஈடிபஸ் வருகிறான். பெயர்ப் பலகையில் இலக்கியத்தை எழுதிவிட்டு உள்ளே வேறு சரக்கு விற்றவர்கள் அல்லர் இவர்கள். மாரிசன் கவிதைத் தொகுப்பும் வெளியிட்டார். 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார். ஆஸ்கார் வைல்டும் பால்சாக்கும் உறங்கும் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில்தான் அவருக்கும் இடம் கிடைத்தது.

ஹெஸ்ஸேயின் ஓநாய்

ஹெர்மன் ஹெஸ்ஸேயைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருலோக சீதாராம் மொழிபெயர்த்த ‘சித்தார்த்தன்’ நம் வீடுகளில் இருக்கிறது. அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட் தலச்சேரியில் வாழ்ந்து மலையாள அகராதி தொகுத்தவர், தமிழும் கற்றவர். தாய் மேரி தலச்சேரியில் பிறந்தவர்.

ஹெஸ்ஸேயின் ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ நாவல் 1927இல் வெளியானது. ஹாரி ஹாலர் என்ற ஐம்பது வயது அறிவாளி, தனக்குள் ஒரு மனிதனும் ஓர் ஓநாயும் வாழ்வதாக எண்ணி வதைபடுகிறான். மொட்ஸார்ட்டைத் தெய்வமாகக் கொண்டவன். நடன அரங்குகளின் ஜாஸ் இசையை அவனால் பொறுக்க முடிவதில்லை. அங்கே சாக்ஸபோன் வாசிக்கும் பாப்லோ என்ற இளைஞன், இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிட அதை வாசிப்பதே முக்கியம் என்று அவனுக்குப் புரியவைக்கிறான். நாவலின் இறுதிப் பகுதியில் மொட்ஸார்ட்டே தோன்றி ஒரு வானொலிப் பெட்டியை இயக்கி, கரகரப்பான ஒலியில் ஹாண்டலின் இசையைக் கேட்கவைத்துச் சிரிக்கிறார்.

1967இல் கலிஃபோர்னியாவில் ஜான் கே என்ற பாடகர் தன் பழைய குழுவான ‘ஸ்பாரோ’ கலைந்த பின் புதிய குழு ஒன்றைத் திரட்டினார். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் கேப்ரியல் மெக்லர், தான் படித்த ஹெஸ்ஸேயின் நாவலிலிருந்து பெயரை எடுத்துத் தந்தார். பெயர் வைத்தவர் மெக்லர்தான் என்றாலும், அது ஜான் கேயின் வாழ்க்கைக்குப் பொருந்தியது. 1944 ஏப்ரலில் கிழக்குப் பிரஷ்யாவின் டில்சிட் நகரில் பிறந்தவர் அவர். தந்தை மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே போரில் மாண்டார். சோவியத் படை நெருங்கியபோது தாய் கைக்குழந்தையோடு மேற்கே ஓடினார். கிழக்கு ஜெர்மனியாக ஆன பகுதியில் சில காலம், 1949இல் எல்லை கடந்து மேற்கு ஜெர்மனி, 1958இல் கனடா. பிறவியிலேயே கண்பார்வை மிகக் குறைந்தவர். அமெரிக்கப் படையினருக்கான வானொலி ஒலிபரப்பில்தான் முதன்முதலாக ராக் இசையைக் கேட்டார். ஊரற்றவன், தனித்து அலைபவன் என்ற நாவலின் படிமம் இந்தப் பாடகரிடம் வெறும் வேடமாக நிற்கவில்லை.

1968இல் அவர்கள் பாடிய ‘பார்ன் டு பி வைல்ட்’ மறு ஆண்டு ‘ஈஸி ரைடர்’ படத்தில் ஒலித்தது. படம் பார்த்த இளைஞர்களின் நாக்கில் ஹெஸ்ஸேயின் நாவல் தலைப்பு ஏறியது. மேடை இசைக்கும் தெரு இசைக்கும் நடுவே ஹெஸ்ஸே எழுதிய வாதம், அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் ஒரு ராக் குழுவின் பெயரில் தொடர்ந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

பெயர் வந்த வழிகள்

‘யுரையா ஹீப்’ குழுவின் பெயர் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் பாத்திரத்தினுடையது. பணிவை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முதலாளியின் சொத்தை அரிக்கும் எழுத்தர் அவன். 1970 டிக்கன்ஸ் மறைவின் நூற்றாண்டு. அதையொட்டி அவர் பேச்சு எங்கும் எழுந்த நேரத்தில், ‘ஸ்பைஸ்’ என்று இருந்த லண்டன் குழுவுக்கு மேலாளர் ஜெரி பிரான் இந்தப் பெயரைச் சொன்னார். குழுவின் முதல் ஆல்பத் தலைப்பு, அந்தப் பாத்திரம் முதலெழுத்தை விழுங்கிப் பேசும் கொச்சையிலேயே அமைந்தது. பணிவு என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு காது கிழிய வாசித்தார்கள். டிக்கன்ஸ் படைத்த போலிப் பணிவுக்கு அது சரியான வாசிப்பு.

‘சாஃப்ட் மெஷின்’ குழு 1966இல் கேன்டர்பரியில் உருவானது. பெயர் வில்லியம் பரோஸின் 1961ஆம் ஆண்டு நாவலுடையது. குழுவின் டேவிட் ஆலன் பாரிஸில் எழுத்தாளர்கள் தங்கிய மலிவு விடுதியில் வாழ்ந்தவர், பரோஸை அறிந்தவர். பெயரைப் பயன்படுத்த அவரிடமே அனுமதி கேட்டுப் பெற்றார்கள். இந்த மரியாதையைப் பதிவு செய்யவே இதைக் குறிப்பிடுகிறேன். 1979இல் டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ பெயரை அப்படியே சூடிய இன்னொரு குழு, உரிமைச் சிக்கலைத் தவிர்க்க முன்பகுதியை வெட்டி ‘மரில்லியன்’ ஆனது.

வாசிப்பு நடந்த இடங்களையும் கவனியுங்கள். ‘மாட் தி ஹூப்பிள்’ என்ற குழுவுக்குப் பெயர் தந்த நாவலைத் தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் சிறையில் இருந்தபோது படித்தார். பின்னாளில் நியூ ஜெர்சியின் ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ குழுவின் பெயர், மைக்கி வே வேலை பார்த்த புத்தகக் கடையில் அவர் கண்ட இர்வின் வெல்ஷின் நூலிலிருந்து கிடைத்தது. சிறையும் கடையும் விடுதியும் இலக்கியத்தின் முகவரிகளாக இருந்திருக்கின்றன.

நாவலுக்குள் இருந்த குழு

அந்தோணி பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ 1962இல் வந்தது. வருங்கால இளைஞர்கள் கேட்கும் பாப் குழுக்களுக்குக் கற்பனைப் பெயர்கள் சூட்டினார் பர்ஜெஸ். அவற்றுள் ஒன்று ‘ஹெவன் செவன்டீன்’. 1980இல் ஷெஃபீல்ட் நகரின் மார்ட்டின் வேரும் இயான் கிரெய்க் மார்ஷும் ‘ஹ்யூமன் லீக்’ குழுவிலிருந்து பிரிந்து புதுக் குழு தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்தார்கள். நாவலில் எழுத்தாக மட்டும் இருந்த குழு மேடையேறி, மின்னணு இசை வாசித்து, இசைத்தட்டு விற்றது. பர்ஜெஸ் தன்னை முதலில் இசையமைப்பாளராகவே கருதியவர், சிம்பனி எழுதியவர். அவர் நாவலின் கதாநாயகன் மதித்தது பீத்தோவனைத்தான். பாப் குழுக்களை அந்த நாவல் உயர்வாகக் காட்டவில்லை. எள்ளலுக்காக வைத்த பெயரைக் கூட ஒரு வாசகர் உயிருள்ளதாக ஆக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மதுக்கூடத்தில் ஒற்றைக் குரல்

ஆல்பெர் காம்யூவை நாம் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ‘அந்நியன்’ வழியாக அறிவோம். அவருடைய ‘வீழ்ச்சி’ 1956இல் பிரெஞ்சில் வெளியானது. முழு நாவலும் ஒரே குரல். பாரிஸில் பெயர்பெற்ற வழக்கறிஞராக இருந்த கிளமான்ஸ், ஆம்ஸ்டர்டாமின் ஒரு மதுக்கூடத்தில் அறிமுகமில்லாத ஒருவரிடம் பேசத் தொடங்குகிறான். ஓர் இரவு சென் நதியில் ஒரு பெண் விழும் ஓசையைக் கேட்டும் தான் திரும்பிப் போகவில்லை என்பதை மெல்ல மெல்ல அவிழ்க்கிறான். எதிரில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்பதே இல்லை.

1976இல் மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச்சில் நான்கு இளைஞர்கள், தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டி ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மார்க் ஈ. ஸ்மித் முதலில் விரும்பியது ‘அவுட்சைடர்ஸ்’ என்ற பெயரை. பேஸ் கிட்டார் வாசித்த டோனி ஃப்ரீல் காம்யூவின் இந்த நாவலின் பெயரைச் சொன்னார். ‘தி ஃபால்’ அமைந்தது. ஸ்மித் பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். 2018 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அந்தக் குழுவை நடத்தி, 30க்கும் மேற்பட்ட ஆல்பங்கள் தந்தார். உடன் வாசித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு குரல் மட்டும் மாறவில்லை. ராகமாகப் பாடாமல், ஒலிவாங்கியின் முன் நின்று யாரையோ குற்றம் சாட்டுவது போலவும் எதையோ ஒப்புக்கொள்வது போலவும் பேசிக்கொண்டே போகும் குரல். காம்யூவின் மதுக்கூடப் பேச்சாளனுக்கு மான்செஸ்டர் தந்த வாரிசு இவர் என்று சொல்வேன். இவர்களைப் போல் ஒரு நூலின் வடிவத்தையே தம் இசையின் வடிவமாக்கிக் கொண்டவர்கள் மிகச் சிலர்.

ஜாய் டிவிஷன்

இனிச் சொல்லப்போவது கனமானது. அதே வட்டாரத்தில், அதே 1976இல் தொடங்கிய இன்னொரு குழு ‘வார்சா’ என்ற பெயரில் வாசித்தது. லண்டனில் ஏறத்தாழ அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் 1978 தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள். ‘ஹவுஸ் ஆஃப் டால்ஸ்’ என்ற நாவலில், நாஜி முகாம் ஒன்றில் பெண்கள் பாலியல் கொடுமைக்காக அடைக்கப்பட்ட பகுதிக்கு என்ன பெயரோ, அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாவலை எழுதியவர் யெஹியேல் டி-நூர். ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிர் பிழைத்தவர். தன் சொந்தப் பெயரில் எழுத மறுத்து, ‘கா-செட்னிக் 135633’ என்று கையெழுத்திட்டார். முகாம் கைதி என்பதும், கையில் பச்சை குத்தப்பட்ட எண்ணுமே அவர் புனைபெயர். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீது நடந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்து, பேச்சின் நடுவே மயங்கி விழுந்தார். நாவலில் உள்ளவை எந்த அளவு வரலாறு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அது எழுந்த வேதனையைப் பற்றி வாதம் இல்லை.

அந்தச் சொல்லை இருபத்தோரு வயதுப் பையன்கள் எடுத்து மேடையில் வைத்தபோது, முதல் இசைத்தட்டின் உறையில் ஹிட்லர் இளைஞர் படையின் சிறுவன் முரசு கொட்டும் சித்திரத்தையும் அச்சிட்டார்கள். நாஜி அனுதாபிகளோ என்று சந்தேகம் எழுந்தது. அவர்கள் அதை மறுத்தார்கள். அவர்களின் பாட்டிலும் அந்த அரசியலின் சாயல் இல்லை. பாடல் எழுதிய இயான் கர்ட்டிஸ் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்தவர்; கோகல், காஃப்கா, பாலர்ட் என்று ஆழமாகப் படித்தவர். கோகலின் ‘இறந்த ஆத்மாக்கள்’ நாவலின் பெயரும் பாலர்டின் நூல் பெயரும் அவர் பாடல்களின் தலைப்புகளாக இருக்கின்றன. 1979இல் வந்த ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்தின் இருண்ட அழகு என்னை விட்டு இன்றும் அகலவில்லை. 1980 மே 18 அன்று, 23 வயதில் கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இவ்வளவையும் மதித்துக்கொண்டே சொல்கிறேன்: அந்தப் பெயரை நான் ஏற்கவில்லை. டிக்கன்ஸின் எழுத்தரை எடுக்கலாம். ஹெஸ்ஸேயின் ஓநாயை எடுக்கலாம். அவை கற்பனையின் சொத்து. சொந்தப் பெயரையே துறந்த ஒருவரின் நூலிலிருந்து, பறிக்கப்பட்ட உடல்களைச் சுட்டும் சொல்லை எடுப்பவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவர்கள் அதை மௌனத்துக்கும் அதிர்ச்சிக்கும் விட்டுவிட்டார்கள். இசை பெரிதாக இருப்பது இந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நம் ஊரின் சான்று ஒன்று இருக்கிறது. 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, அயோத்திதாச பண்டிதர் முன்வைத்த ‘சாதிபேதமற்ற’ என்ற எண்ணத்தை அடியொற்றித் தன் பெயரை அமைத்தது. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அவர்களின் பாட்டுகள் எதைப் பேசுகின்றனவோ, அதையே பெயரும் பேசுகிறது. எடுத்த சொல்லுக்கு அவர்கள் மேடைதோறும் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

நிறைவுரை

இலக்கியப் பெயர் ஒரு குழுவுக்கு எடுத்த எடுப்பிலேயே மதிப்பைத் தந்துவிடுகிறது. அந்த மதிப்பு கடனாக வந்தது. டோர்ஸும் தி ஃபாலும் அதை வட்டியோடு திருப்பினார்கள். ஸ்டெப்பன்வுல்ஃப் ஹெஸ்ஸேயை அவருடைய வாசகர் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது. சாஃப்ட் மெஷின் கேட்டுப் பெற்றது. ஜாய் டிவிஷனின் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நூலின் வரவேற்பை எழுதும்போது நூலகப் பதிவேட்டையும் மதிப்புரையையும் மட்டும் பார்க்காதீர்கள். இசைத்தட்டு உறைகளையும் நிகழ்ச்சிச் சுவரொட்டிகளையும் சான்றாகச் சேருங்கள். கல்லூரி நூலகங்களுக்கு ஒன்று: இன்று நான் குறிப்பிட்ட நாவல்களையும் ஆல்பங்களையும் ஒரே அலமாரியில் வையுங்கள், பாட்டுக் கேட்க வந்த மாணவர் நாவலோடு வீடு திரும்பட்டும். இங்கே கிட்டாரோடு அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று: உங்கள் குழுவுக்கு ஒரு நூலிலிருந்து பெயர் எடுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு எடுங்கள்.